சிங்கப்பூர்ப் பேரன்

செங்காங், சிங்கப்பூர்
18 மார்ச் 2025, இரவு

அன்புள்ள சுஷ்மி,

இந்த நேரத்தில் உட்கார்ந்து எழுதுவதற்கு முதலில் மன்னித்துக்கொள். மணி ஒன்றரை. சேயோன் இப்போதுதான் தூங்கினான். அவன் தூங்கி நான் விழுவதற்குள் கிடைக்கும் கொஞ்ச நேரம்தான் எனக்கென்று இருப்பது. எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

போன் இருக்கும்போது காகிதம் எதற்கு என்று கேட்பாய். உன் அம்மா எந்த அழைப்பு வந்தாலும் ஸ்பீக்கரில் போட்டுக் கூடத்தின் நடுவில் வைத்துவிடுகிறார். பெண் பார்த்துவிட்டுப் போனதிலிருந்து உன் போனையும் ஆளாளுக்கு எடுத்துப் பார்க்கிறார்கள் என்று நீயே சொன்னாய். அதனால்தான் உன் பள்ளிக்கூட முகவரிக்கு எழுதுகிறேன். ஆபீஸ் அறையில் யாராவது கேட்டால் ஏதாவது பொய் சொல்லிக்கொள். கல்லூரியில் எனக்காக எத்தனை காலை குரலை மாற்றி "பிரசன்ட் மேடம்" சொல்லியிருக்கிறாய்! நீ கொடுத்த பிராக்ஸியில்தானே நான் பட்டமே வாங்கினேன். தோழியாக இருந்தவள் உன் அண்ணன் ராஜீவை எனக்குக் காட்டி நாத்தனாராகவும் ஆனாய். என் வாழ்க்கையில் பாதி உன் கைவேலைதான்.

குணாளன் வீட்டார் பிடித்திருக்கிறது என்று சொல்லி அனுப்பியதை ராஜீவ் சொன்னார். கூட்டுறவு வங்கி வேலை, அம்மா மட்டும், உள்ளூர். இரண்டு இடம் கைகூடாமல் போய் மூன்றாவதாக வந்திருக்கும் இடம் இது. எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று எழுதத் தெரியவில்லை.

ஆனால் நடுவில் என் பிள்ளை வந்து நிற்கிறான். மாசிலாமணி சித்தப்பா டிசம்பரில் இங்கே சுற்றுலா வந்தாரே, ஃபேரர் பார்க் ரயில் நிலைய வாசலில் எங்களைப் பார்த்தார். பக்கத்தில் தரையைத் துளைத்துக்கொண்டிருந்தார்கள். சேயோன் காதைப் பொத்திக்கொண்டு நடைபாதையில் படுத்துவிட்டான். நானும் அவன் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்திருந்தேன். சித்தப்பா "என்னம்மா பிள்ளைக்கு?" என்றார். "வெயில்" என்றேன். அவர் அதை மன்னார்குடிக்குக் கொண்டுபோய், "பேரனுக்கு ஏதோ கோளாறு போல" என்று இறக்கிவைத்துவிட்டார். அது குணாளன் அம்மா காது வரை போய்விட்டது.

ஆட்டிசம் என்று டாக்டர் சொல்லி ஒன்றரை வருடம் ஆகிறது, சுஷ்மி. ஊரில் அந்தச் சொல்லை உன் ஒருத்தியிடம்தான் சொல்லியிருக்கிறேன். உன் அம்மாவுக்கு அவன் இன்னும் "கொஞ்சம் லேட்டாகப் பேசுகிற பிள்ளை"தான்.

போன வாரம் உன் அம்மா கூப்பிட்டார். "தாரணி, ஒரே ஒரு வீடியோ அனுப்பும்மா. அத்தையக் கூப்பிடற மாதிரி. அவங்க பார்த்துட்டா வேற பேச்சே வராது."

அனுப்பிவிட்டேன். எப்படி எடுத்தேன் என்பது உனக்காவது தெரிந்திருக்க வேண்டும்.

அவன் போகும் மையத்தில் ஒரு வழி உண்டு. சொல்லிக்கொடுக்க வேண்டியதைத் துண்டு துண்டாக உடைத்து, ஒவ்வொரு துண்டுக்கும் அவனுக்குப் பிடித்ததைக் கையில் கொடுப்பார்கள். பல் விளக்குவதும் சட்டை மாட்டுவதும் அப்படித்தான் வந்தது. அதே வழியில் நான்கு சாயங்காலம் உட்கார்ந்தேன். "அத்" என்றால் ஒரு சிப்ஸ். "அத்தை" என்றால் ஒரு சிப்ஸ். "அத்தை, வாங்க" என்று முழுதாகச் சொன்னால் இரண்டு. கேமராவைப் பார்க்க மாட்டான், அதனால் ஜன்னலோரம் பக்கவாட்டில் நிற்கவைத்தேன். பின்னால் வெளிச்சம், முகம் நிழல். அறுபதுக்கு மேல் எடுத்து, ஒன்றைத் தேர்ந்து, முன்னும் பின்னும் வெட்டி, என் கையும் சிப்ஸும் தெரியாமல் பன்னிரண்டு வினாடி மிச்சம் வைத்தேன்.

போட்டுப் பார்த்தபோது எனக்கே ஒரு நிமிடம் மனம் குளிர்ந்துவிட்டது. எந்த வீட்டிலும் இருக்கிற பிள்ளை மாதிரி நிற்கிறான். அப்புறம் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன்.

நீ நன்றாக இரு. அது போதும்.

அன்புடன்
தாரணி


மன்னார்குடி
3 ஏப்ரல் 2025

அன்புத் தாரு,

வீட்டில்தான் அண்ணி. இந்தக் காகிதத்தில் தாருதான்.

உன் கடிதத்தை பியூன் எட்டாம் வகுப்புக்கே கொண்டுவந்து நீட்டினார். பிள்ளைகள் வெளிநாட்டு ஸ்டாம்ப்புக்கு அடித்துக்கொண்டார்கள். அப்புறம் ஆசிரியர் அறையில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்துப் படித்தேன். அந்தக் குழாய் விஷயத்தை இரண்டு தடவை படித்தேன்.

வீடியோ வேலை செய்துவிட்டது. அதைச் சொல்வதற்கே எனக்கு வெட்கமாக இருக்கிறது. அம்மா அதை டிவியில் போட்டார், தாரு. கூடத்தில் பதினாறு பேர். சேயோன் அவ்வளவு பெரிதாக ஜன்னலோரம் நிற்கிறான். குணாளன் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பேசமாட்டான்னாங்க, என்ன கணீர்னு கூப்பிடறான் பாருங்க ரத்தினம்மா!" என்றார். அம்மா உடனே, "அங்க ஸ்கூல்ல எல்லாம் இங்கிலீஷுதாங்க. தமிழ்னா கொஞ்சம் கூச்சப்படுவான்" என்று ஒரு போடு போட்டார். மாசிலாமணி சித்தப்பா ஜிலேபியை வாயில் வைத்துக்கொண்டே, "அன்னிக்கு வெயிலு ரொம்ப ஜாஸ்தி" என்றார். அப்பா மட்டும் எழுந்து வாசலுக்குப் போய்விட்டார்.

அன்றே தட்டு மாற்றிவிட்டார்கள். ஜூன் எட்டு, ஞாயிறு.

இப்போது சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். குணாளன் அம்மாவுக்கு ஓர் ஆசை. தாலித் தட்டை ஆசீர்வாதத்துக்குச் சபையில் கொண்டுபோகும்போது அண்ணனோடு சேயோனும் தட்டைப் பிடித்துக்கொண்டு வர வேண்டுமாம். "சிங்கப்பூர்ப் பேரன் கையால வரட்டும்" என்று எல்லோரிடமும் சொல்லிவைத்திருக்கிறார்.

அம்மாவுக்குத் தெரியும், தாரு. யாரும் சொல்லவில்லை, ஆனால் தெரியும். அவனுக்கு இரண்டரை வயதில் நீங்கள் வந்திருந்தபோது குத்துவிளக்கின் முன்னால் ஒரு மணி நேரம் அவன் விரலை ஆட்டிக்கொண்டிருந்ததை அம்மா கதவோரம் நின்று பார்த்தார். போன வாரம்தான் வாயைத் திறந்தார். "மேளம் அடிக்கிற இடத்துல பிள்ளை தாங்குமா? அவ வராம இருக்கறதுதான் பிள்ளைக்கும் நல்லது. நீயே பக்குவமாச் சொல்லு."

பக்குவமாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. குணாளனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடலாமா என்று தினமும் நினைக்கிறேன். நல்லவர் மாதிரிதான் தெரிகிறது. ஆனால் "மாதிரி"யை நம்பி மூன்றாவது தடவையும் அப்பாவை அந்த வாசலில் நிற்கவைக்க முடியுமா? எனக்கு முப்பது ஆகிறது.

நீயாகவே வர முடியவில்லை என்று சொல்லிவிட்டால் எல்லோருக்கும் சுலபம். இதைக் கேட்க எனக்கு உரிமை இல்லை. கேட்டுவிட்டேன்.

உன்
சுஷ்மி


செங்காங்
21 ஏப்ரல் 2025

அன்புள்ள சுஷ்மி,

வரவில்லை. நானே உன் அம்மாவிடம் சொல்லிவிட்டேன். "சேயோனுக்குப் பரீட்சை" என்றேன். "ஆமாமா, படிப்பு முக்கியம்" என்றார் ஸ்பீக்கரில், பக்கத்தில் இருப்பவர்களுக்கும் கேட்கும்படி. ஐந்து வயதுப் பிள்ளைக்குப் பரீட்சை! ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. ராஜீவ் மட்டும் போய்வருவார். "ஒரு நாள்தானே தாரணி. நம்ம சுஷ்மி கல்யாணம் நின்னுடக் கூடாது" என்றார். நானும் அதைத்தான் நினைத்தேன். ஆனால் அவர் வாயால் கேட்டபோது பிடிக்கவில்லை.

உன் மேல் கோபமா என்று கேட்டால், கொஞ்சம் இருக்கிறது. எழுதினால் குறையும் என்று பார்க்கிறேன்.

போன சனிக்கிழமை உனக்குப் புடவை எடுக்கச் சிராங்கூன் ரோட்டுக்குப் போனோம். கூட்டம் வருவதற்கு முன் கடை திறக்கும் நேரமாகப் பார்த்துத்தான் போனேன். அவனுக்குக் காது மூடி, கையில் பிடித்துக்கொள்ள அவனுடைய நீல டப்பா மூடி, என் பையில் சிப்ஸ், எல்லாம் தயார். அந்த மயில்கழுத்து நிறத்தை எடுத்து விரித்த நேரம் கடையில் பாட்டைச் சத்தமாக வைத்தார்கள். அவ்வளவுதான். வாசல்படியில் படுத்துத் தலையை இடிக்க ஆரம்பித்தான். தலைக்கும் படிக்கும் நடுவில் என் கையை வைத்துக்கொண்டேன். ஒரு பெரியவர் நின்று, "இப்பவே ரெண்டு போடு போட்டு வளர்க்கணும்மா" என்றார். ஒரு பெண் போனில் எடுத்துக்கொண்டிருந்தாள். எழுந்து பிடுங்கக்கூடக் கை இல்லை எனக்கு. அந்தப் புடவையை ராஜீவ் அப்புறம் தனியாகப் போய் வாங்கிவந்தார். உனக்கு நன்றாக இருக்கும்.

பெரும்பாலும் நாங்கள் வெளியே போவதில்லை. வீடு பதினான்காவது மாடி. ஜன்னலுக்கெல்லாம் கம்பி போட்டாயிற்று. போன மாதம் நான் துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது கதவைத் திறந்து லிஃப்டில் இறங்கிப் போய்விட்டான். கீழே குப்பை அறைக்குப் பக்கத்தில், சுழலும் காற்றாடியைப் பார்த்துக்கொண்டு நின்றான். அதிலிருந்து உள்ளேயும் பூட்டு. சாவி என் கழுத்துச் சங்கிலியில், தாலியோடு. இரவில் திரும்பிப் படுக்கும்போது இரண்டும் சேர்ந்து குத்தும். கீழ்வீட்டு ஆன்ட்டி, இவன் குதித்தால் துடைப்பக்கட்டையால் கூரையைத் தட்டுவார். அவரையும் குறை சொல்ல முடியாது. அவன் ஒரு நாளைக்கு எவ்வளவு குதிப்பான் என்று எனக்குத் தெரியும்.

மத்தியானம் மட்டும் எல்ஆர்டி ரயிலில் ஏற்றிக் கிழக்கு வட்டத்தைச் சுற்றிவருவேன். இறங்குவதில்லை. செங்காங்கில் ஏறி, அதே செங்காங்குக்கு வந்து, மறுபடி. கதவு மூடும் ஒலி வந்தால் சிரிப்பான். அந்தச் சிரிப்பை உனக்கு வீடியோ எடுத்து அனுப்ப நினைத்ததே இல்லை, பார். அதில் அவன் யாரையும் கூப்பிடவில்லை.

இன்னொன்று. இதைச் சொல்லாமல் கடிதத்தை மூட முடியாது.

அந்த "அத்தை, வாங்க" போகமாட்டேன் என்கிறது. நான்கு நாள் சிப்ஸ் கொடுத்துச் சொல்லவைத்தேன் அல்லவா, அது அவனுக்குள் இறங்கி, எல்லாவற்றுக்கும் அதுவே ஆகிவிட்டது. தண்ணீர் வேண்டும் என்றால் "அத்தை, வாங்க". டிவி நின்றுபோனால் "அத்தை, வாங்க". போன வாரம் காய்ச்சலில் அனத்தும்போதும் அதுதான். என்னை இதுவரை அவன் எதுவும் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

மையத்தில் இல்ஹாம் டீச்சர் இருக்கிறார். இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழ் முஸ்லிம், இந்த ஊர் வழக்கப்படி பேச்சின் முடிவில் ஒரு 'லா' போடுவார். அவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "மம்மி, இவன் விழுந்து அடிபட்டாக்கூட அத்தை வாங்கன்னுதான் சொல்றான் லா. வீட்ல அத்தை கூடவே இருக்காங்களா? ரொம்ப க்ளோஸா?"

"ஊரில் இருக்கிறாள்" என்றேன்.

"பரவால்ல, நல்ல விஷயம்தான். ஃபர்ஸ்ட் டைம் தனக்கு வேணும்னா வாயத் தொறந்து கேக்கறான். நான் ஃபைல்ல போட்டுக்கிட்டேன், 'இது சொன்னா உதவி வேணும்னு அர்த்தம்'னு. எல்லா டீச்சருக்கும் சொல்லிட்டேன்."

ஆக, இங்கே எட்டு டீச்சர்கள் உன் பெயர் தெரியாமலே உன்னை அறிவார்கள்.

தஞ்சோங் பகார் ஆபீஸில் ராஜீவின் பிரிவை மூடப்போவதாகப் பேச்சு இருக்கிறது. அவருக்கு வேலை இல்லையென்றால் எங்களுக்கு இங்கே இருக்க அனுமதி இல்லை. இன்னும் உறுதியாகவில்லை. வீட்டில் சொல்லாதே.

நலங்கு, பந்தக்கால் எல்லாம் எழுது. நான் வராவிட்டாலும் கேட்க ஆசையாக இருக்கிறது.

அன்புடன்
தாரணி


செங்காங்
8 ஜூன் 2025

சுஷ்மி,

நேரலையில் பார்த்தேன்.

உன் முகம் நன்றாக இருந்தது. மயில்கழுத்து நிறம் உனக்கு எடுப்பாக இருந்தது.

தாலித் தட்டை ராஜீவ் கொண்டுவரும்போது பக்கத்தில் பட்டு வேட்டியில் ஒரு பையன் தட்டைப் பிடித்துக்கொண்டு வந்தான். மைக்கில் சொன்னார்கள்: "மணமகளின் அண்ணன் மகன், சிங்கப்பூரிலிருந்து வந்திருக்கும் சின்னவர் சேயோன்." அவன் சபையைப் பார்த்துக் கும்பிட்டான். எல்லோரும் தட்டைத் தொட்டு அவன் தலையையும் தொட்டார்கள். குணாளன் அம்மா கன்னத்தில் முத்தம் கொடுத்தார். ராஜீவ் அவன் தோளில் கை வைத்திருந்தார்.

லேப்டாப்பை மூடிவிட்டேன். சேயோன் வந்து என் கையை இழுத்து லேப்டாப் மேல் வைத்து, "அத்தை, வாங்க" என்றான். உன்னைக் கேட்கிறான் என்று நினைத்துவிடாதே. மண்டபத்து மேற்கூரையில் பெரிய பெரிய மின்விசிறிகள் சுற்றின. அவனுக்கு அது வேண்டும். மறுபடி திறந்தேன். உனக்குத் தாலி ஏறும்போது நாங்கள் இருவரும் விசிறியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

என் பிள்ளைக்கு அட்டென்டன்ஸ் கொடுத்த அந்தப் பையன் யார்?

தாரணி


மன்னார்குடி
21 ஜூன் 2025

தாரு,

பள்ளிக்கூட முகவரி மாறவில்லை. அது மட்டும்தான் மாறவில்லை.

அவன் மாசிலாமணி சித்தப்பாவின் மகள் வயிற்றுப் பையன். பெங்களூரு. அவன் மேல் ஒரு தப்பும் இல்லை, ஐஸ்கிரீம் வாங்கித் தருவதாகச் சொல்லியிருந்தார்கள்.

யாரும் உட்கார்ந்து திட்டம் போடவில்லை. இதை நீ நம்ப வேண்டும். மணவறைப் படியில் அந்தப் பையன் விளையாடிக்கொண்டிருந்தான். குணாளன் அம்மா எதிரில் வந்து, "இவன்தானே சிங்கப்பூர்ப் பேரன்? பரீட்சைன்னாங்க, வந்துட்டானா! வீடியோல பாத்தேனே!" என்று தூக்கிக்கொண்டார். நீ எடுத்த வீடியோவில் முகம் நிழல்தானே. அம்மா கையில் பூத்தட்டு. சுற்றிலும் ஐம்பது பேர். அம்மா, "ஆமா" என்றார். அந்த ஒரு "ஆமா"தான். அதைக் கேட்டு மைக் பிடித்தவர் பெயரைக் கேட்டார். அண்ணன் முகத்தை நான் பார்த்தேன். வாயைத் திறந்தார், மூடினார். அதற்குள் மேளக்காரர் கையை ஓங்கிவிட்டார்.

எனக்கும் கேட்டது. மனைப்பலகையில் உட்கார்ந்திருந்தேன். தாலி இன்னும் கட்டவில்லை. எழுந்து, "இது சேயோன் இல்லை" என்று சொல்ல எனக்கு நேரம் இருந்தது, தாரு. தட்டு மண்டபம் முழுக்கச் சுற்றிவரக் கால்மணி நேரம் ஆயிற்று. அந்தக் கால்மணி நேரமும் நான் குனிந்து மருதாணியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்போது இந்த வீட்டுக் கூடத்தில், அந்தப் பையன் தாலித் தட்டோடு நிற்கும் படம் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறது. மாமியார் வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுகிறார். குணாளன் நல்லவர்தான், "மாதிரி" இல்லை. அதுதான் இன்னும் கஷ்டம். சேயோனுக்கென்று ஒரு ரிமோட் கார் வாங்கி வைத்திருக்கிறார். "அடுத்த தடவை வரும்போது என்னோட ஒட்டிக்குவான் பாரு" என்கிறார். நான் அலமாரியைத் திறக்கும்போதெல்லாம் அந்தப் பெட்டி முன்னால் நிற்கிறது. எத்தனையோ தடவை "என்னங்க" என்று ஆரம்பித்து, உப்பு போதுமா என்று கேட்டு முடித்திருக்கிறேன்.

திட்டி எழுது. எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

சுஷ்மி


செங்காங்
5 ஜூலை 2025, இரவு

அன்புள்ள சுஷ்மி,

இன்றும் நேரம் கெட்ட நேரம்தான், மன்னித்துக்கொள். உன் கடிதத்தை ரயிலில் வைத்துப் படித்தேன். மூன்று வட்டம் சுற்றினோம்.

திட்டப்போவதில்லை. ராஜீவைத் திட்டியாயிற்று. வந்த அன்றே கேட்டேன். "அம்மா சொல்லிட்டாங்க, அந்த இடத்துல நான் என்ன பண்ணட்டும்?" என்றார். அப்புறம் இரண்டு நாள் சேயோனை அவரே குளிப்பாட்டினார். அவருக்குத் தெரிந்த மன்னிப்பு அது. உன் அம்மாவின் "ஆமா"வைப் பற்றியும் யோசித்தேன். அதற்கு முன்னால் நான் ஒரு "ஆமா" சொல்லியிருக்கிறேன், பன்னிரண்டு வினாடிக்கு. இல்லாத ஒரு பிள்ளையை முதலில் அனுப்பிவைத்தது நான்தான். உன் அம்மா அதற்கு ஒரு முகம் தேடிக் கொடுத்தார், அவ்வளவுதான். என் பங்கை நான் ஒதுக்கிவிடவில்லை.

இனி சொல்லப்போவதை நிதானமாகப் படி.

ராஜீவுக்கு வேலைநீக்கக் கடிதம் கொடுத்துவிட்டார்கள். ஆகஸ்ட் பதினேழாம் தேதி திருச்சி விமானம். வேறு வேலைக்கு எழுதிப் பார்க்கிறார், ஆனால் டிக்கெட் எடுத்தாயிற்று. இங்கே பாதி நாள் சிறையில் இருப்பது போலத்தான் இருந்தேன். ஆனாலும் இல்ஹாம் டீச்சர் மாதிரி நான்கு பேர் இருந்தார்கள். அங்கே மன்னார்குடியில் இவனுக்கு யார் இருக்கிறார்கள் என்று ராஜீவைக் கேட்டேன். தஞ்சாவூரில் வாரம் ஒருநாள் யாரோ வருகிறார்களாம், பேருந்தில் போய்வரலாமாம். இவன் பேருந்தில் ஏறுவானா என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

உன் அம்மாவிடம் சொன்னோம். அழுதார். பிறகு திங்கட்கிழமை அவரே கூப்பிட்டார், குரலில் அவ்வளவு அன்பு. "நீ ஒண்ணுக்கும் கவலப்படாதம்மா. மாடி ரூமுக்கு ஏசி போட்டாச்சு. பிள்ளை ஓடிடும்னு சொன்னியே, கதவுக்கு வெளிய தாழ்ப்பாளும் போடச் சொல்லிட்டேன். யாரு வந்தாலும் சத்தமே தெரியாது."

சுஷ்மி, அவர் அதை மனசாரச் சொன்னார். ஏசியின் விலையைப் பற்றி வாயே திறக்கவில்லை. பேரனுக்காகச் செய்கிறேன் என்றுதான் நினைக்கிறார். நானும் "சரிங்க" என்றேன். வைத்த பிறகு கழுத்திலிருந்த சாவியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இங்கே பூட்டு உள்ளே இருக்கிறது, சாவி என்னிடம் இருக்கிறது. அங்கே தாழ்ப்பாள் வெளியே.

உன் மாமியார் வீடு பத்து நிமிட நடை. அவர் பண்டிகைக்கு வருவார், காய் வாங்கப் போகும்போது வருவார். அவர் வீட்டுக் கூடத்தில் சட்டம் போட்ட படத்தில் ஒரு சேயோன் இருக்கிறான். அந்தச் சேயோன் அங்கே இருக்கும்வரை என் சேயோன் மாடியிலிருந்து இறங்க முடியாது. எத்தனை வருடத்துக்கு?

அதனால் ஒன்று செய்தேன். நேற்று சாயங்காலம் போனை அலமாரியில் நிற்கவைத்து ஓடவிட்டேன். பதினோரு நிமிடம். எதையும் வெட்டவில்லை. முதல் ஐந்து நிமிடம் ஒன்றுமே நடக்காது, நீல மூடியைத் தரையில் சுற்றிவிட்டுப் படுத்துக்கொண்டு அதைப் பார்ப்பான். அப்புறம் குதிப்பான், கீழ்வீட்டு ஆன்ட்டி தட்டுவது கேட்கும். ஏழாவது நிமிடம் குக்கர் விசில் வந்ததும் கத்துவான், தன் கையைக் கடித்துக்கொள்வான், நான் போய் அணைத்துக்கொண்டு தரையில் உட்காருவேன். என் தலை கலைந்திருக்கிறது, நைட்டியில் சாம்பார். எதையும் மாற்றவில்லை. ஒன்பதாவது நிமிடம் அடங்குவான். பிறகு எழுந்து போய்க் கதவுப்பிடியைத் தொட்டுக்கொண்டு, "அத்தை, வாங்க" என்பான். சிப்ஸ் கொடுக்கவில்லை, நான் சொல்லச் சொல்லவும் இல்லை. ரயிலுக்குப் போக வேண்டும் என்று கேட்கிறான். இந்தத் தடவை முகம் நன்றாகத் தெரிகிறது.

மெமரி கார்டை இதோடு ஒட்டி அனுப்பியிருக்கிறேன். அதைக் குணாளனுக்குப் போட்டுக் காட்டு. உன் மாமியார் வீட்டு டிவியிலேயே போடு. நீ எதுவும் விளக்க வேண்டாம். "இதுதான் சேயோன்" என்று மட்டும் சொல். அந்த ரிமோட் கார் அவனுக்குப் பிடிக்காது, ஆனால் கவிழ்த்துப் போட்டுச் சக்கரத்தைச் சுற்றிவிட்டால் பிடிக்கும். அதையும் சொல்.

உன் வாழ்க்கையில் கல்லைப் போடுகிறேனே என்று நான்கு இரவு யோசித்தேன். நீ அந்தக் கால்மணி நேரம் என்ன பாடு பட்டிருப்பாய் என்று எனக்குத் தெரியும். ஆனால் அவர் நல்லவர் என்று எழுதியிருக்கிறாய். நல்லவரிடம்கூடச் சொல்ல முடியாத பிள்ளையாக என் பிள்ளையை வைக்காதே.

முடியாது என்றால் அதையும் எழுது. உன்னை மீறி நான் யாருக்கும் எதையும் அனுப்பமாட்டேன். அப்போது நான் மன்னார்குடிக்கு வரமாட்டேன், அவ்வளவுதான். திருச்சியில் இறங்கி, நம் விடுதித் தோழி மரியம்மாள் வேலை பார்க்கும் சிறப்புப் பள்ளிக்குப் பக்கத்தில் ஓர் அறை பார்த்துக்கொள்வேன். ராஜீவ் கூட வருவாரா என்று இன்னும் கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருக்கிறது. ஆனால் அப்படிப் போனால், நாம் இருவரும் இப்படி எழுதிக்கொள்வது இதோடு சரி. உன் மேல் கோபத்தில் சொல்லவில்லை. இருக்கிற பிள்ளையையும் இல்லாத பிள்ளையையும் ஒரே காகிதத்தில் விசாரிக்க என்னால் முடியாது.

பக்கத்தில் அவன் புரண்டு படுக்கிறான். எழுந்துவிடுவான் போல.

கடிதம் உன் கைக்கு வரப் பத்துப் பன்னிரண்டு நாள், உன் பதில் என் கைக்கு வர அதே அளவு. ஆகஸ்ட் முதல் வாரத்துக்குள் எனக்குத் தெரிய வேண்டும். எந்த ஊருக்குப் பெட்டி கட்டுவது என்று தெரியாமல் துணியெல்லாம் கட்டிலில் குவிந்து கிடக்கிறது. சுஷ்மி, தயவுசெய்து சீக்கிரம் பதில் எழுது.

தாரணி